பதினாலு கிராம் முந்நூறு மில்லி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
அரை மணி நேரம் தாமதம்.
கல்மண்டபம் சாலையில்
பிரியாணிக் கடைக்கு மேல் மாடி,
ஏசி போட்டால் லைட் மங்கும் சின்ன ஹால்.
பத்தாவது ஈ பிரிவு, தொண்ணூற்றேழாம் வருஷம்.
பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

நான் நுழைந்ததும்
இரண்டு மூன்று முந்தானைகள்
கழுத்தைச் சுற்றி ஏறின.
குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேங்க்காரி வந்துட்டாடி" என்றாள் பெர்பெத்துவா.
பேங்க் இல்லை, நகைக்கடன் கம்பெனி.
தண்டையார்பேட்டைக் கிளை.
உரைகல், ஆசிட், தராசு, நான்.

நூறு மீட்டரில் பள்ளிக்குக் கப் வாங்கித் தந்தவள்
இப்போது காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் நிற்கிறாள்.
முட்டி மடங்கவில்லை.
கீழ்ப்படியிலிருந்து மேல்படி வருவதற்குள்
மூன்று பேரைத் திட்டி முடித்திருந்தாள்.

'உள்ளேன் டீச்சர்' சொல்லவே திக்கும் நூர்நிஷா
ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முத்திரைத்தாள் விற்கிறாள்,
ஒரு நிமிஷம் வாய் மூடவில்லை.
"எங்கருந்துடி வந்துச்சி இவ்ளோ பேச்சு?"
"அவரு போனப்புறம்" என்றாள் சிரித்துக்கொண்டே.
யாரும் மேலே கேட்கவில்லை.

அஞ்சுகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.
அவளுக்கும் என்னை.
முதலில் கட்டிப்பிடித்துக்கொண்டோம்,
யாரென்று பிறகு கேட்டுக்கொண்டோம்.

ஜன்னலோரம் வெங்கம்மா.
கணக்கில் தொண்ணூற்றெட்டு.
மீதி ரெண்டை எங்கே விட்டாய் என்று
அவள் அப்பா அடித்ததாகச் சொல்வார்கள்.

அவளை நான் மாசியில் பார்த்துவிட்டேன்.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் மாஸ்க் போட்ட யாரோ,
சங்கிலி கழற்றிய இடத்தில் வெளுத்த கோடு.
ஐம்பத்தெட்டாயிரம். மாதம் நூற்றுக்கு ஒன்று முப்பத்தைந்து.
கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது.
"நாலு மாசத்துக்கு
மூவாயிரத்து நூத்தி முப்பத்திரெண்டு"
மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல்.
பிறகுதான் திரையில் அதே தொகை வந்தது.
பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
கையெழுத்து, ரேகை, பொட்டலம், அரக்கு.

இன்று அவள் கழுத்தில் ஒரு சங்கிலி.
அதே கோதுமை மணி டிசைன்.
போட்டோவுக்கு நெருக்கி நிற்கையில்
அஞ்சுகம் அதை இரண்டு விரலால் தூக்கினாள்:
"நல்லாகீதே, எத்தினி சவரன்?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
தங்கம் என்றால் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி" என்றேன்.
"பதினாலு கிராம் முந்நூறு மில்லி."

பொய் இல்லை.
பொட்டலத்தின் மேல் நானே எழுதிய எடை.

வெங்கம்மாதான் சிரித்துவிட்டாள்.
"கவரிங்டி. எம்சி ரோட்ல நானூறு ரூபா.
அவ சொன்னது
அவ லாக்கர்ல தூங்கிக்கினு கீதே, அதும் வெயிட்டு."

ஏசி மட்டும் கொஞ்ச நேரம் இரைந்தது.
பெர்பெத்துவா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்,
மிரிண்டா கொட்டியது, யாரோ கத்தினார்கள்.
குணவதி மட்டும் சிரிக்கவில்லை.
அவள் விரல் வளையலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

எனக்கு அந்த வளையலும் தெரியும்.

ராத்திரி கேட் மறுபடி மூடியிருந்தது.
என் ஸ்கூட்டியில் பின்னால் வெங்கம்மா.
மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை,
முன்னால் முடியாத கூட்ஸ்.
எப்போ மீட்பாய் என்று கேட்க வாய் வந்தது.
கேட்டது வேறு:
"நீ ஏண்டி மேல படிக்கல?"

அவள் பதில் சொல்லவில்லை.
கண்ணாடியில் அவள் உதடுகள் மட்டும்
அசைந்துகொண்டிருந்தன.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு
இருட்டுக்குள் போன பிறகு,
"நாப்பத்தேழு" என்றேன்.

"நாப்பத்தெட்டு.
நீ பேசினப்போ ஒண்ணு போச்சி."